பெருமையை நாங்களே பேசிக்கொள்கிறோம், படிக்கச் சொல்லிக்கொடுங்கள்: உள்ளூர் வரலாற்றுப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உள்ளூர் வரலாறு என்ற பெயரில் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் பட்டறை நடத்தும் எல்லோருக்கும் வணக்கம். திட்டம் தீட்டுகிறவர்கள், கையேடு எழுதுகிறவர்கள், கருத்தாளராக மேடையேறுகிறவர்கள், சொந்தச் செலவில் மரபு நடை கூட்டிப்போகும் ஆர்வலர் குழுக்கள் என்று யாருக்கெல்லாம் இது பொருந்துமோ அவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவன். பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தாலே மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுக்கிற ஆள் இல்லை, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறவன். அந்த உரிமையில் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் போய் உட்கார்ந்த பட்டறைகள் அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, தமிழ்த்தாய் வாழ்த்து, அதிகாரிகளின் வாழ்த்துரை, அதிலேயே பதினொன்றரை ஆகிவிடும். அப்புறம் புரொஜக்டரில் பெரிய கோயில் விமானம், கங்கைகொண்ட சோழபுரம், கடாரம், கீழடி. பேசுகிறவர் நன்றாகவே பேசுவார், நடுநடுவே கைதட்டலும் விழும். மதியம் ஐந்து குழு, ஐந்து சார்ட், ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனா, தலைப்பு ‘நம் ஊரின் சிறப்புகள்’. கோயில், குளம், திருவிழா, ஊர்ப்பெயர்க் காரணம் என்று எல்லாக் குழுவும் ஒன்றையே எழுதி ஒட்டும். கடைசியில் பின்னூட்டப் படிவம், குழுப்படம், வாட்சாப்பில் இரவு வரை கும்பிடு எமோஜி. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து, “சார், எங்க ஊரு கோயில் சுவத்துல கல்லுல எழுதியிருக்கே, அதுல என்ன சார் போட்டிருக்கு?” என்று கேட்கிறான். முழுநாள் பயிற்சியில் அதற்குப் பதில் சொல்ல ஒரு வரி கிடையாது. சோழனின் பெருமையைச் சொல்ல எங்களுக்குப் பட்டறை தேவையில்லை, பாடப்புத்தகமே போதும். எங்களுக்குத் தேவை அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றால் என்ன செய்வது என்பது.

கல்வெட்டிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியருக்குப் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத் தமிழெழுத்தைக் கற்றுக்கொடுப்பது மலையைப் பிளக்கிற வேலை இல்லை. பெரும்பாலும் மெய்யெழுத்தில் புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, தொடக்கத்தில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று கிரந்தத்தில் வரும். இதையெல்லாம் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டு, ஏற்கெனவே பாடம் வெளியான ஒரு கல்வெட்டின் படத்தையும் அச்சுப் பாடத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு காலைப்பொழுது முழுக்க எழுத்துக் கூட்ட விடுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் வந்துகொண்டிருக்கின்றன, மாநிலத் தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகளும் இருக்கின்றன, இவற்றில் நிறைய இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. தன் ஊர்க் கோயில் கல்வெட்டு ஏற்கெனவே படித்து அச்சிடப்பட்டிருக்கிறது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. அந்தத் தொகுதியில் ஊர்ப்பெயரை எப்படித் தேடுவது, அன்றைக்கு அந்த ஊர் எந்த நாடு, எந்தக் கூற்றம், எந்த வளநாடு என்ற ஆட்சிப் பிரிவில் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

அடுத்து காலம் கணிப்பது. இதுதான் எனக்குப் பிடித்த இடம், மாணவர்களுக்கும் பிடிக்கும், ஏனென்றால் இது துப்பறியும் வேலை. ‘கோப்பரகேசரிபன்மற்கு யாண்டு’ என்று தொடங்கி ஓர் எண் வருகிறது என்று வையுங்கள், அதாவது பரகேசரி என்ற அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு. சோழர்கள் இராஜகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றிப் பட்டம் சூடிக்கொண்டவர்கள். விஜயாலயன் பரகேசரி, முதலாம் பராந்தகன் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. அப்படியானால் இது யார்? ‘மதிரை கொண்ட’ என்று முன்னால் இருந்தால் பராந்தகன். ‘பாண்டியன் தலைகொண்ட’ என்றால் ஆதித்த கரிகாலன். ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக இருந்தால் எழுத்தமைதியை, அதாவது எழுத்து எந்தக் காலத்து வடிவம் என்பதைப் பார்க்க வேண்டும், ஆண்டு எண்ணைப் பார்க்க வேண்டும். எழுத்து பத்தாம் நூற்றாண்டுக்குரியதாக இருந்து ஆண்டு 35 என்று இருந்தால், அத்தனை வருஷம் ஆண்ட பரகேசரி அந்தக் காலத்தில் பராந்தகன் ஒருவன்தான் என்று வாதாடலாம். ஆண்டு 5 என்றால் வாதாட முடியாது, ‘இன்னாரென்று சொல்ல இயலவில்லை’ என்று எழுதி வைத்துவிட வேண்டியதுதான். இந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு குழந்தை வகுப்பறையில் எழுதப் பழகினால் அது எத்தனை பெரிய விஷயம்! ஆனால் எந்தப் பட்டறையிலும் இதைச் செய்து பார்க்க விட்டதில்லை. ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் இராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராஜேந்திரன் என்கிற மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழுரை) அட்டவணை ஒன்றை ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தால்கூட எண்பது பக்கக் கையேட்டைவிட எங்களுக்கு உபயோகப்படும்.

கூடவே எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸைத் தேய்ப்பது, மாவு பூசுவது, கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது எல்லாம் நல்ல மனசோடு நடக்கிற நாசம். வெயில் சாய்ந்த நேரத்திலோ, இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தோ பார்த்தால் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து எழுந்து வரும். மைப்படி எடுப்பது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் செய்கிற வேலை. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பதை ஒருமுறை கண்ணால் பார்க்க வைத்தால் போதும், அந்தக் கல்லின் மேல் கை வைக்கிற விதமே மாறிவிடும்.

சரி, எழுத்தைப் படிப்பது ஒரு பாதி. படித்ததைக் கேள்வி கேட்பது இன்னொரு பாதி, அதில்தான் நம் பட்டறைகள் ரொம்ப வழுக்குகின்றன. உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். குடவோலை முறையை ‘ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மக்களாட்சி’ என்று சொல்லாத கருத்தாளரை நான் பார்த்ததில்லை. கல்வெட்டு என்ன சொல்கிறது? அது ஒரு பிராமண ஊரின் சபை. குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதப் பயிற்சி இருக்க வேண்டும். 919இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருஷத்தில், 921இல், அதை 35 முதல் 70 என்று மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள், யாருக்குச் சங்கடம் வந்தது, முறைகேடாக நடந்துகொண்டவர்களைத் தகுதியிலிருந்து நீக்கும் விதிகளை அத்தனை விரிவாக எழுத வேண்டிய அவசியம் என்ன, அந்த ஊரில் உழுதவர்கள் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்குமா என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்பே பட்டிமன்றம் ஆகிவிடும். இப்படிக் கேட்டால் உத்திரமேரூரின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. தேர்வு செய்யும் விதியை எழுதி, திருத்தி, எல்லோர் கண்ணிலும் படும்படி கல்லில் வெட்டி வைத்தார்களே, அதுவே பெரிய சங்கதி. ஆனால் சங்கதியைச் சங்கதியாகச் சொல்ல எங்களைப் பழக்குங்கள், கோஷமாக வேண்டாம்.

பெரிய கோயிலும் அப்படித்தான். அந்தக் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களை விவரிக்கும்போது வரி விதிக்கப்படாத இடங்களின் பட்டியல் வருகிறது: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கூடவே கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சில ஊர்களில் தீண்டாச்சேரி. விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டிக் கைதட்டல் வாங்கும் அதே பட்டறையில் இந்த வரியையும் திரையில் காட்டுங்களேன். ஏனென்றால் எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒரு பாதி, “எங்க தெரு மட்டும் ஏன் சார் ஊருக்கு வெளிய இருக்கு?” என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பவர்களும் உண்டு. உள்ளூர் வரலாறு என்றால் எங்களுக்கு முதலில் வந்து விழும் கேள்வி இதுதான், அரசர் பெயர் அதற்கப்புறம்தான்.

இதை நீங்கள் ஏன் தொடுவதில்லை என்பது எனக்குப் புரிகிறது. சாதி என்று வாயெடுத்தால் மறுநாள் யாராவது பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள், தலைமையாசிரியருக்குப் போன் வரும். ஆனால் நீங்கள் தொடாவிட்டால் வாட்சாப் தொடுகிறது. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு ‘ஆண்ட பரம்பரை’ வீடியோ இருக்கிறது, பிளஸ் ஒன் பையன்கள் அதைத்தான் வரலாறு என்று நம்புகிறார்கள், கையில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த வீடியோவில் ஏதாவது ஒரு கல்வெட்டுச் சொல்லையோ ஆங்கிலேயர் எழுதிய ஒரு பத்தியையோ பிய்த்து எடுத்துக் காட்டியிருப்பார்கள். அதை எதிர்கொள்ள எங்களுக்குத் துணிச்சலை விட முதலில் வேண்டியது ஆதாரத்தைக் கையாளும் பழக்கம். 1868இல் நெல்சன் எழுதிய மதுரை மேனுவல், 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியர், 1917இல் பேட் எழுதிய திருநெல்வேலி கெசட்டியர் என்று ஆங்கிலேய ஆட்சியில் வந்த மாவட்ட விவரத் தொகுப்புகள் எல்லாம் அருமையான தரவுச் சுரங்கங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுதியவர்கள் வரி வசூலித்த, சிறையில் அடைத்த ஆட்சியின் அதிகாரிகள். ஒரு சமூகத்தை ஒட்டுமொத்தமாகத் திருடர் என்று அவர்கள் எழுதினால், அந்தக் கண்ணோட்டம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1911இல் அதைப் புதிதாக எழுதிய பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது, 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. கெசட்டியர் பத்தி ஒன்று, சட்டத்தின் வாசகம் ஒன்று, அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதை ஒன்று என்று மூன்றையும் மேசையில் வைத்து ஆசிரியர்களை விவாதிக்க விடுங்கள். 1968 டிசம்பர் 25 அன்று தலித் கூலி விவசாயக் குடும்பங்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட கீழவெண்மணியை, அது நடந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம், இரண்டு தரப்பு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கும் வகுப்பில், எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்க்க விடுங்கள். யாராவது கூச்சலிட்டால் என்ன செய்வது, ஒரு பிள்ளை தலை குனிந்துகொண்டால் என்ன செய்வது என்பதும் பயிற்சிதான். என்னைக் கேட்டால் ஒரு நாள் பட்டறையில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

இனி, கல்வெட்டே இல்லாத ஊர் ஆசிரியர் என்ன செய்வார்? நிறையப் பேருக்கு இந்தக் குறை உண்டு, ‘எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல சார்’ என்பார்கள். பள்ளியின் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். எழுபது எண்பது வருஷம் ஆன பள்ளிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடு இன்னமும் இருக்கிறது. ஓரம் அரித்து, மை பழுப்பேறி, பெயர், தகப்பனார் பெயர், தொழில், சாதி, சேர்ந்த தேதி, நின்ற தேதி, நின்ற காரணம் என்று கட்டம் கட்டமாக. ஓர் ஊரின் சமூக வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆவணம் எது? முதல் பெண் குழந்தை எந்த வருஷம் சேர்ந்தது, எந்தத் தெருவிலிருந்து எப்போது பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள், அரைநேரப் பள்ளி என்று வந்து குலக்கல்வி என்று எதிர்ப்பைச் சந்தித்து 1954இல் கைவிடப்பட்ட திட்டத்தின் சமயத்தில் சேர்க்கை என்ன ஆயிற்று, 1956 மதிய உணவுக்குப் பிறகு என்ன ஆயிற்று, 1982 சத்துணவுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று மாணவர்களே எண்ணி வரைபடம் போடலாம். பெயரையும் சாதிக் கட்டத்தையும் மறைத்து நகலெடுத்துக் கொடுக்க வேண்டும், அது முக்கியம். உட்கார்ந்திருப்பது அவர்களின் பேரப்பிள்ளைகள். இந்த ஒரு பதிவேட்டை வைத்து ஒரு பட்டறை நடத்தினால் நான் முதல் ஆளாக வருவேன்.

அதோடு பழைய தாள்களில் வரும் வருஷக் கணக்கையும் பழக்குங்கள். வருவாய்த் துறைப் பதிவேட்டில் பசலி (வரிக் கணக்கு ஆண்டு) 1433 என்றிருந்தால் 590ஐக் கூட்டி 2023 ஜூலையில் தொடங்கும் ஆண்டு என்று சொல்லத் தெரிய வேண்டும். சக ஆண்டுக்கு 78 கூட்டணும். தெற்கே போனால் கொல்லம் ஆண்டு வரும். தாத்தா பாட்டிகள் சொல்லும் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876–77, அதே தாது 1936–37இலும் வந்தது. பாட்டி சொல்வது எந்தத் தாது என்று கேட்டு உறுதிசெய்யாமல் எழுதினால் அறுபது வருஷம் எகிறிவிடும். வாய்மொழி வரலாறு சேகரிக்கச் சொல்லும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. ‘முதியோரிடம் பேட்டி எடுத்து வா’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஆர்வத்தில் பானை ஓடு, காசு, கல் என்று எதையாவது எடுத்து வருவார்கள். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், 1972 தொல்பொருள் சட்டம் தனி. நடுகல்லைப் பெயர்த்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைப்பது சேவை இல்லை, கல் இருந்த இடம் போனால் பாதித் தகவல் போச்சு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துள்ள (தமிழ் பிராமி என்பார்கள்) நடுகற்கள் கிடைத்தபோது எந்த இடத்தில், எந்தச் சூழலில் என்பதும் சேர்ந்துதான் அவற்றுக்குப் பொருள் கொடுத்தது. யாரிடம் சொல்வது, எப்படிப் படம் எடுப்பது, பக்கத்தில் அளவுகோல் வைப்பது, இவ்வளவுதான். அரை மணி நேரப் பாடம்.

எங்களால் முடியும் என்பதற்குச் சாட்சி வெளியிலிருந்து வேண்டியதில்லை. கீழடியில் அகழாய்வு தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1970களில், அங்கே வேலை பார்த்த ஒரு வரலாற்று ஆசிரியர்தான் மாணவர்கள் கொண்டுவந்த பொருள்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தவர். இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் மாணவர்கள் கல்வெட்டு படித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆசிரியர்களைக் கருத்தாளராகக் கூப்பிடுங்கள். பேராசிரியர்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளைச் சத்தம் போடாமல் கோயில் பிராகாரத்தில் நிற்க வைப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது.

நடைமுறை விஷயங்கள் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் இருநூறு பேரை அரங்கில் அடைக்காதீர்கள், இருபது இருபத்தைந்து பேராக வட்டார வள மையத்தில் நடத்துங்கள். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் இடையில் ஒரு மாதம் விடுங்கள், நடுவில் அவரவர் ஊரில் செய்து பார்த்துவிட்டு வரட்டும். திருப்புதல் தேர்வுச் சமயத்தில் வைக்காதீர்கள். களப்பயணம் என்றால் ஆசிரியைகளுக்குக் கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்து, பேருந்து கிடைக்கும் நேரத்துக்குள் முடியுங்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மலையடிவாரத்தில் விட்டுவிட்டு மரபின் மகத்துவம் பேசினால் யாருக்கும் காதில் ஏறாது. சான்றிதழைப் பட்டறை முடிந்தவுடனே கொடுக்காதீர்கள், செய்த வேலையைப் பார்த்துக் கொடுங்கள். சார்ட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் தயவுசெய்து தொடக்கக் கல்விக்கே விட்டுவிடுங்கள்.

அடுத்த சுற்றறிக்கையில் ‘குறிப்பேடு, பேனா கொண்டுவரவும்’ என்று போடுவதற்குப் பதிலாக, உங்கள் பள்ளிப் பதிவேட்டின் முதல் பத்துப் பக்கங்களைப் பெயர் மறைத்து நகலெடுத்து வரவும், உங்கள் ஊர்க் கோயிலிலோ ஏரி மதகிலோ எழுத்துள்ள கல் இருந்தால் படம் எடுத்து வரவும் என்று போட்டுப் பாருங்கள். உங்கள் தரப்பில் அந்த வட்டாரத்துக்குரிய கல்வெட்டுத் தொகுதியும் கெசட்டியரும் கிராம வரைபடமும் அறையில் இருக்கட்டும். வாழ்த்துரையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டால் பத்து மணிக்கே வேலையைத் தொடங்கிவிடலாம். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி சமூக அறிவியல் ஆசிரியர்